ஜீப்புக்கு நகை போட்ட கதை

எங்கள் வீட்டில் அப்போது இரண்டு குழந்தைகள். ஒன்று, ஒன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த பெண். இன்னொன்று, 1996-ம் வருஷ மாடல் மகேந்திரா எம்.எம்.540 ஜீப். "ரெண்டுல எது அதிகமா செலவு வைக்குது?" என்று யாராவது கேட்டால் என் சகதர்மிணி பதில் சொல்ல மாட்டாள். மெதுவாகத் திரும்பி வாசலைப் பார்ப்பாள். அவ்வளவுதான். கேட்டவருக்குப் புரிந்துவிடும்.

நான் மதுரையில் ஒரு அலுவலகத்தில் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனில் இருக்கிறேன். காலை பத்து மணியிலிருந்து மற்றவர்கள் செய்த செலவுகளைக் கூட்டிக்கொண்டிருப்பேன். மாலை வீட்டுக்கு வந்ததும், நான் செய்த செலவை யாரும் கூட்டிவிடக் கூடாதே என்று கவலைப்பட்டுக்கொண்டிருப்பேன். இப்படிப்பட்ட ஆசாமிக்கு ஜீப் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அவளும் கேட்டாள்.

எல்லாம் கொழுக்குமலையில் ஆரம்பித்தது. 2017-ல் ஆபீஸ் நண்பர்கள் ஒன்பது பேர் டூர் போனோம். கொழுக்குமலை நம் தேனி மாவட்டம்தான். ஆனால் வண்டியில் ஏற வேண்டுமென்றால் கேரளா பக்கம் சுற்றிக்கொண்டு போய் சூரியநெல்லியில் ஜீப் பிடிக்க வேண்டும். அங்கிருந்து ஏழாயிரம் அடிக்கு மேல் இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு பாதை. பாதை என்று சொல்வது மரியாதைக்காக. பாறாங்கல்லை யாரோ மூட்டையிலிருந்து கொட்டிவிட்டு, அடுக்க மறந்து போய்விட்ட மாதிரி இருந்தது. எங்கள் செக்‌ஷன் ஆபீசர் முதல் கிலோமீட்டரில் "முருகா" என்றார். இரண்டாவது கிலோமீட்டரில் முருகனுக்கு மொட்டை நேர்ந்துகொண்டார். (ஏற்கெனவே அவருக்கு முடி கிடையாது என்பது வேறு விஷயம்.)

டிரைவருக்கு ஐம்பது வயசிருக்கும். மடித்துக் கட்டிய வேட்டி, காலில் ரப்பர் செருப்பு. ஒரு கையால் ஸ்டீயரிங், இன்னொரு கை கியர் பக்கம், முகத்தில் கோயில் பிராகாரம் சுற்றுகிற அமைதி. அந்த ஜீப் ஏறியது... ஏறியது... ஏறிக்கொண்டே இருந்தது. நான் ஜீப்பைப் பார்த்து மயங்கிவிட்டேன். ஜீப்பை மட்டும்தான் பார்த்தேன், டிரைவரைப் பார்க்கவில்லை. அந்தத் தப்புக்கு இரண்டு வருஷம் கழித்து விலை கொடுத்தேன். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

2018-ல் பி.எஃப். லோன் போட்டு, தேனிப் பக்கம் ஒரு தோட்டக்காரரிடமிருந்து இந்த எம்.எம்.540-ஐ வாங்கினேன். நாலு சக்கரமும் இழுக்கும். 'லோ' போட்டால் வேகம் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு குறைந்து, இழுவை அதே அளவு கூடும். வாங்கிய அன்றைக்கு அது பச்சை நிறத்தில், ஒல்லி டயரோடு, ஓய்வு பெற்ற ஹெட்கான்ஸ்டபிள் மாதிரி அடக்கமாக நின்றது.

எனக்கு அந்த அடக்கம் பிடிக்கவில்லை.

முதலில் டயர். ஒல்லி டயரைக் கழற்றி எறிந்துவிட்டு, 31 இன்ச் உயரத்தில் பல் பல்லாக இருக்கும் ஐந்து டயர்கள். அது பாடியில் இடித்தது. அதனால் ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் ஷேக்கிளை நீளமாக அடித்துப் போட்டு வண்டியையே தூக்கினோம். தூக்கியதும் மூஞ்சி மொட்டையாகத் தெரிந்தது. அதனால் முன்னால் இரும்பு பைப்பில் ஒரு பம்பர். முன்னால் போட்டால் பின்னால் சும்மா இருக்குமா? பின்னாலும் ஒன்று, வண்டி இழுக்க வளையம் வைத்து வெல்டிங். தலைக்கு மேல் கேரியர். கேரியர் காலியாக இருந்தால் அசிங்கமாக இருக்கிறதே என்று இருபது லிட்டர் டீசல் கேன் இரண்டு. கேரியர் நெற்றியில் ஒரு கஜத்துக்கு எல்.இ.டி. விளக்கு. அதைப் போட்டால் எதிர்வீட்டுச் சேவல் கூவியது.

"எனக்கு ஒரு தோடு வாங்க ஆறு மாசம் யோசிச்சவர், ஜீப்புக்கு ஒட்டியாணம், நெத்திச்சுட்டி எல்லாம் போடறார்" என்று சகதர்மிணி தன் அம்மாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். ஏனென்றால் அடுத்து நான் கேட்கப் போவது அவளுடைய வளையல்!

ஆமாம் சார். வின்ச் வாங்கக் காசு போதவில்லை. வின்ச் என்றால் முன் பம்பரில் மாட்டும் மின்சார ராட்டினம். சேற்றில் வண்டி மாட்டிக்கொண்டால் இரும்பு வடத்தை இழுத்து மரத்தில் கட்டி பட்டனை அமுக்கினால், வண்டி தன்னைத் தானே இழுத்துக்கொண்டு வெளியே வரும். மதுரை நகருக்குள் எங்கே சேறு, எங்கே மரம் என்று கேட்காதீர்கள். அவள் கேட்கவில்லை. ஒன்றும் பேசாமல் இரண்டு வளையலையும் கழற்றி மேஜை மேல் வைத்தாள். சண்டை போட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

இதற்கிடையில் 2019 ஜனவரியில் எங்கள் டெஸ்பாட்ச் கிளார்க் பேப்பரும் கையுமாக வந்தார். "சார், உங்க வண்டி சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிருச்சு!" என்றார். கேரளாவில் ஆரம்பித்த ஒரு வழக்கில் தீர்ப்பு வந்திருந்தது. கம்பெனி தயாரித்து அனுப்பிய அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது, மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது என்று கோர்ட் சொல்லிவிட்டது. முன்னால் மாட்டும் இரும்பு பம்பர் சட்ட விரோதம், நடவடிக்கை எடுங்கள் என்று மத்திய அரசு அதற்கு முன்பே, 2017 டிசம்பரில், மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தது.

"அது கேரளா கேஸுய்யா" என்றேன்.

"சுப்ரீம் கோர்ட் டெல்லியில இருக்கு சார்" என்றார் அவர்.

அதே 2019-ல் சட்டத்தையும் திருத்தினார்கள். வண்டிச் சொந்தக்காரர் அனுமதியில்லாமல் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். நான் அக்கவுன்டன்ட் அல்லவா? ஏழு அயிட்டம், 35,000 ரூபாய் என்று மனசுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு ஃபைலை மூடிவிட்டேன்.

டிசம்பர் வந்தது. பரீட்சை முடிந்து லீவ். மனைவி, மகளோடு சூரியநெல்லிப் பக்கம் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை மாலை திரும்பிக்கொண்டிருந்தோம். போடிமெட்டில் டீ குடிக்க நிறுத்தினேன். நிறுத்தியதும் நாலு பேர் ஜீப்பைச் சுற்றி வந்து பார்த்தார்கள். ஒரு பையன் வின்ச் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டான். நெஞ்சு இரண்டு இன்ச் உயர்ந்தது. (இதற்கு ஷேக்கிள் தேவைப்படவில்லை.)

அப்போது ஓரமாக நின்றிருந்த ஒரு காரிலிருந்து இளைஞர் ஒருவர் இறங்கி வந்தார். "அண்ணே, டைமிங் பெல்ட் அறுந்துருச்சு போல. வண்டி ஸ்டார்ட்டே ஆகலை. போடி வரைக்கும் கட்டி இழுத்துவிட முடியுமா? அம்மா வேற கூட இருக்காங்க..." காருக்குள் அவர் அம்மா, மனைவி, மடியில் தூங்கும் கைக்குழந்தை.

எத்தனை நாள் காத்திருந்தேன் இந்த ஒரு கேள்விக்கு!

"ஏங்க, இருட்டப் போகுது. கீழேயிருந்து யாரையாவது வரச் சொல்லலாமே?" என்றாள் சகதர்மிணி.

"இதுக்குத்தானே வண்டி!" என்றேன்.

பின் பம்பர் வளையத்தில் நைலான் கயிறைக் கட்டி, மறுமுனையைக் காரின் கொக்கியில் மாட்டினேன். இரண்டு வண்டிக்கும் நடுவில் ஐந்து மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்ற விதி எனக்குத் தெரியும். அதை அளந்து கட்டினேன். அந்த விதி தெரிந்த எனக்கு, அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று தெரியவில்லை. கயிறு இழுக்கும், பிடித்து நிறுத்தாது. மேட்டில் கட்டி இழுக்கக் கயிறு போதும். இறக்கத்தில் பின்னால் வரும் வண்டியைக் கயிறு என்ன செய்யும்? தொய்ந்து தொங்கும்.

இன்னொன்று. என்ஜின் ஓடாத காரில் பிரேக்குக்கு உதவி செய்யும் பூஸ்டர் வேலை செய்யாது. இரண்டு மூன்று மிதிக்குத் தாங்கும். அப்புறம் பெடல் அம்மிக்கல். அந்தப் பையனுக்கும் அது தெரியாது.

போடிமெட்டிலிருந்து அடிவாரத்து முந்தல் வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். மூன்றாவது கியரில் ஜோராக இறங்க ஆரம்பித்தேன். வளைவு வந்தால் பிரேக். தாண்டினால் விடு. மறுபடி பிரேக். பின்னால் கயிறு தொய்வதும் 'விலுக்'கென்று இழுப்பதுமாக இருந்தது. நாலாவது வளைவு தாண்டியதும் கருகிய வாசனை. "எங்கேயோ குப்பை கொளுத்தறாங்க" என்றேன். ஐந்தாவது வளைவில் பின்னாலிருந்து விடாமல் ஹார்ன் சத்தம். ஹலோ சொல்கிறாராக்கும் என்று நினைத்தேன்.

'டொம்!'

கார் பின்னால் வந்து இடித்தது. பிரேக்கை அழுத்தினேன். பெடல் போனது... போய்க்கொண்டே இருந்தது. ஜீப் நிற்கவில்லை.

அந்தச் சில விநாடிகளை இன்றைக்கும் என்னால் விவரமாகச் சொல்ல முடியவில்லை. கியரைக் குறைக்கப் பார்த்தேன். 'கர்ர்ர்' என்று கத்திவிட்டு இரண்டாவதில் விழுந்தது. வேகம் கொஞ்சம் குறைந்தது, போதவில்லை. பின்னாலிருந்து கார் தள்ளுகிறது. முன்னால் அடுத்த வளைவு. வளைவுக்கு அப்பால் மரங்களின் உச்சி மட்டும் தெரிகிறது. மரத்தின் உச்சி ரோட்டு மட்டத்தில் தெரிந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். பக்கத்து சீட்டில் அவள் மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். கத்தவில்லை. அது ஞாபகம் இருக்கிறது.

ஸ்டீயரிங்கை மலைப்பக்கம் ஒடித்தேன். ஒரு பக்கத்துச் சக்கரங்கள் வாய்க்காலில் இறங்க, பம்பர் தடுப்புச் சுவரில் தேய்த்துக்கொண்டே போய் முட்டி, ஜீப் நின்றது. கார் வந்து இன்னொரு தடவை இடித்துவிட்டு நின்றது.

அமைதி. பிறகு கைக்குழந்தை வீரிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன் என்றால் நம்புவீர்களா?

"அப்பா, இறங்கிடலாமா?" என்றாள் என் மகள்.

யாருக்கும் பெரிய அடி இல்லை. காரில் இருந்த அம்மாவுக்கு நெற்றி புடைத்திருந்தது. காரின் பானெட் அப்பளமாகியிருந்தது. நான் ஆசையாக மாட்டிய முன் பம்பர் மடங்கி டயரைக் கவ்விக்கொண்டிருந்தது. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "தம்பி, உங்க பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். கால் நிற்கவில்லை.

அப்போதுதான் மேலேயிருந்து ஒரு ஜீப் வந்தது. கேரளா பக்கம் ஏலத் தோட்டத்தில் வேலை முடித்து போடிக்குத் திரும்பும் பெண்களை ஏற்றிய ஜீப். வேட்டி கட்டிய டிரைவர் இறங்கினார். மறுபடியும் ரப்பர் செருப்பு! ஒன்றும் பேசாமல் முதலில் பெரிய கற்களைத் தூக்கி இரண்டு வண்டிச் சக்கரங்களுக்கும் முட்டுக் கொடுத்தார். அப்புறம் என் ஜீப்பை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். டயர், பம்பர், வின்ச், கேரியர், விளக்கு.

"வண்டி நல்லா இருக்கு சார்" என்றார். "ஏற வாங்கினீங்களா, இறங்க வாங்கினீங்களா?"

அந்தக் கேள்வியில் கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

வேலைக்காரப் பெண்கள் நகர்ந்து உட்கார்ந்து காரில் வந்தவர்களுக்கு இடம் கொடுத்தார்கள். கைக்குழந்தை நாலு மடி மாறிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டது. கார் அங்கேயே நின்றது. மறுநாள் கிரேன் வண்டி வந்து இறக்கியது. (பானெட் செலவில் பாதி என்னுடையது. அந்த இளைஞர் வேண்டாம் என்றார். நான்தான் வற்புறுத்தினேன்.) டிரைவர் தன் ஜீப்பை மச்சானிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, கடப்பாரையால் என் பம்பரை நெம்பி டயரிலிருந்து விடுவித்தார். பிரேக் ஆறட்டும் என்று அரை மணி நேரம் காத்திருந்தோம். பிறகு அவரே ஓட்டினார். முதல் கியர். நடக்கிறவர்கள் முந்திவிடுவார்கள் போல ஒரு வேகம்.

"என் காலைப் பாருங்க சார்" என்றார். வலது கால் செருப்போடு தரையில் சும்மா இருந்தது. வளைவில் மட்டும் பிரேக்கை ஒரு தடவை தொட்டுவிட்டு எடுத்தார். "எந்த கியர்ல ஏறுவமோ, அந்த கியர்லதான் இறங்கணும். பாரத்தை என்ஜின்தான் பிடிக்கணும், பிரேக் பிடிக்கக் கூடாது. அதைக் கால்ல வச்சுக்கிட்டே வந்தா பழுக்கக் காய்ஞ்சிரும். அப்புறம் அது பிரேக் இல்ல, அடுப்பு."

கொழுக்குமலை டிரைவரின் கியர் பக்கத்துக் கை இப்போது எனக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு அதைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

போடியில் ஒரு பட்டறையில் ஜீப்பை விட்டேன். பட்டறை அண்ணன் அறுபதைத் தாண்டியவர். எங்கே தொடங்கலாம் என்று கேட்டதற்கு, "எடை மேடைக்குப் போலாம் வாங்க" என்றார். லாரி எடை போடுகிற இடத்தில் ஜீப்பை ஏற்றி, ஆளில்லாமல் நிறுத்தி எடை பார்த்தார். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் காலி எடையைவிட 240 கிலோ அதிகம்!

நான் சும்மா இருப்பேனா? சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். முன், பின் பம்பர் 75 கிலோ. வடத்தோடு வின்ச் 40. கேரியரும் விளக்கும் 45. ரொம்பிய கேன்கள் 40. ஐந்து டயரிலும் சேர்ந்து கூடுதல் 40. டேலி ஆகிவிட்டது. இத்தனை வருஷ சர்வீஸில் கணக்கு டேலி ஆகி நான் வருத்தப்பட்டது அன்றைக்குத்தான்.

"எண்பது கிலோ ஆள் மூணு பேர்" என்றார் அண்ணன். "மூணு விருந்தாளிய நிரந்தரமா ஏத்தி வச்சிருக்கீங்க. சாப்பாட்டுக்குக் கூட இறங்க மாட்டாங்க. அதுக்கு மேல உங்க குடும்பம், அதுக்கும் பின்னால ஒரு காரு. பிரேக் பாவம் என்ன செய்யும்?"

டேப்பை எடுத்து டயரை அளந்தார். பழைய டயர் 28½ இன்ச். புதியது 31. "ரெண்டரை இன்ச் கூடியிருக்கே!" என்றேன் பெருமையாக.

"ஆக்ஸில் டயரோட நடுவுல இல்ல இருக்கு? அப்ப அடி வயிறு தரையில இருந்து எவ்வளவு ஏறியிருக்கும்? ஒண்ணேகால் இன்ச். இந்த ஒண்ணேகாலுக்கு நீங்க என்னென்ன குடுத்திருக்கீங்க தெரியுமா?"

ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒரு கதவை விளிம்பில் பிடித்துத் தள்ளினால் சுலபமாகப் போகும். அதைக் கீல் பக்கத்தில் பிடித்து நிறுத்திப் பாருங்கள், கை வலிக்கும். டயர் பெரிசானால் பிரேக் டிரம்முக்கு அந்தக் கதிதான். அதே டிரம், அதே லைனிங், வேலை மட்டும் அதிகம். டயர் பெரிசானால் கியரும் ஏமாற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி கூடுதலாக ஓடுகிறதே! என்ஜின் பிடித்து நிறுத்தும் சக்தி குறையும். "நீங்க ரெண்டாவது போட்டேன்னு சொன்னீங்க இல்ல? அது ரெண்டு இல்ல சார், ரெண்டேகால்." ஸ்பீடாமீட்டர் 50 காட்டும்போது உண்மையில் 54-ல் போய்க்கொண்டிருப்பேன். ஷேக்கிளை நீட்டியதால் முன் ஆக்ஸிலின் சாய்மானம் மாறி, நேர் ரோட்டில் ஸ்டீயரிங் அலைபாயத் தொடங்கியிருந்தது. நான் அதைக் காற்று என்று நினைத்திருந்தேன். கேரியரில் பாரம் ஏற்றியதால் வண்டியின் கனம் மேலே போய், சாய்வான இடத்தில் கவிழ ரெடியாக இருந்தது.

கடைசியாக பிரேக் ஆயிலைக் கொஞ்சம் எடுத்துக் காட்டினார். டீ டிகாக்‌ஷன் மாதிரி இருந்தது. "இது எப்ப மாத்தினது?" நான் வானத்தைப் பார்த்தேன். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளுமாம். ஈரம் சேர்ந்த ஆயில் சூட்டில் சீக்கிரம் கொதித்து ஆவியாகும். ஆயிலை அமுக்க முடியாது. ஆவியை அமுக்கலாம். அதனால்தான் பெடல் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியது. ஒரு நாள் ஓட்டல் சாப்பாட்டுச் செலவு. எதிர்வீட்டுச் சேவலை எழுப்ப நான் செலவழித்ததில் அது எத்தனை பங்கு என்று கணக்குப் போட வெட்கமாக இருந்தது.

"அப்ப வண்டில எதையுமே மாத்தக் கூடாதாண்ணே?"

"யார் சொன்னா? காட்டுக்கும் மேட்டுக்கும் போற வண்டிக்குச் செய்ய வேண்டியது நிறைய இருக்கு. ஆனா வரிசை இருக்கு. முதல்ல நிக்கணும். அப்புறம் திரும்பணும். அப்புறம் ஏறணும். அழகா இருக்கறது கடைசி."

அந்த வரிசையில்தான் செய்தோம். நாலு சக்கரத்துக்கும் புது லைனிங், வீல் சிலிண்டர், புது பிரேக் ஆயில். பழைய அளவிலேயே, மண்ணைக் கவ்வும் பட்டன் உள்ள டயர்கள். ஷேக்கிள் பழையபடி, தளர்ந்த ஸ்பிரிங் பட்டைகளுக்கு மட்டும் புதுப் பட்டை. பம்பர்கள் பழைய இரும்புக்கு. வெல்டிங் வளையத்துக்குப் பதிலாக, சேஸிஸில் போல்ட் போட்டு முறுக்கிய கொக்கிகள், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. "வெல்டிங் விட்டுச்சுன்னா கயிறு அந்த வளையத்தோட பறந்து வரும். நிக்கிற ஆளு மிஞ்ச மாட்டான்" என்றார். ஆக்ஸிலின் மூச்சுத் துளைக்கு ரப்பர் குழாய் மாட்டி மேலே ஏற்றினார். சூடான ஆக்ஸில் குளிர்ந்த ஓடைத் தண்ணீரில் இறங்கினால் சட்டென்று உள்ளே உறிஞ்சும். குழாய் உயரத்தில் இருந்தால் தண்ணீருக்குப் பதில் காற்றை உறிஞ்சும். மொத்தச் செலவில் மிக மலிவான அயிட்டம் அதுதான். கூடவே காற்று பார்க்கிற மீட்டர் ஒன்று, சின்ன கம்ப்ரெஸர் ஒன்று, மண்வெட்டி, நல்ல பட்டை பெல்ட்.

"வின்ச்?"

"தனியா காட்டுக்குள்ள போறவனுக்கு அது உயிர். நீங்க எத்தனை தடவை உபயோகிச்சீங்க?"

"ஒரு தடவை. எங்க தெரு வேப்பமரத்துல... சும்மா டெஸ்ட்டுக்கு."

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. வின்ச்சை விற்றேன். அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து வளையலை மீட்டுக்கொண்டு வந்து அதே மேஜை மேல் வைத்தேன். அவள் எடுத்துப் போட்டுக்கொண்டாள். இப்போதும் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி இட்லிக்கு இரண்டு சட்னி.

2021 அக்டோபரில் அந்த ஜீப்புக்கு நிஜமான பரீட்சை வந்தது. போடிமெட்டு தாண்டி ஏலத் தோட்டம் வைத்திருக்கும் பள்ளிக்கூடத்து நண்பனைப் பார்க்கப் போயிருந்தோம். நல்ல மழை. காய் மூட்டை ஏற்றிய பிக்கப் வண்டி தோட்டத்துப் பாதையில் ஆக்ஸில் வரை புதைந்துவிட்டது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் முதலில் தரையைப் பார்த்தேன். சரிவு எந்தப் பக்கம், பள்ளம் எந்தப் பக்கம், இழுத்தால் வண்டி எங்கே போய் நிற்கும் என்று பார்த்தேன். பார்த்துவிட்டு நாலு டயரிலும் காற்றை 28-லிருந்து 18-க்கு இறக்கினேன். காற்று குறைந்தால் டயர் தொப்பை போட்டு மண்ணில் அகலமாக உட்கார்ந்துகொள்ளும். சேற்றில் அந்தத் தொப்பைதான் பிடிமானம். பிக்கப்பில் இருந்த மூட்டைகளை இறக்கச் சொன்னேன். இரண்டு பேர் முனகினார்கள். சக்கரத்துக்கு முன்னால் மண்ணை வெட்டிச் சரிவாக்கினோம். சேஸிஸ் கொக்கியிலிருந்து சேஸிஸ் கொக்கிக்கு பெல்ட். பெல்ட் மேல் ஒரு ஈரச் சாக்கு. அறுந்தால் வீச்சைக் குறைக்கும். ஆட்களை பெல்ட் நீளத்துக்கு இரண்டு மடங்கு தள்ளி நிற்க வைத்தேன்.

நாலு சக்கரம், லோ, முதல் கியர். ஆக்ஸிலேட்டரை மிதிக்கவே இல்லை. கிளட்சை மெல்ல விட்டேன். பெல்ட் விறைத்தது. ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சேறு 'ப்ளக்' என்று ஒரு பெரிய முத்தம் கொடுத்து பிக்கப்பை விட்டுவிட்டது.

யாரும் கைதட்டவில்லை. போட்டோ எடுக்கவில்லை. "டீ சாப்பிடறீங்களா?" என்று மட்டும் கேட்டார்கள். வேலை சரியாக நடந்தால் அப்படித்தான் போலிருக்கிறது.

தார் ரோட்டுக்கு வந்ததும் கம்ப்ரெஸரைப் போட்டு டயரில் காற்றை ஏற்றினேன். நாலு சக்கர இழுவையை எடுத்துவிட்டேன். தாரில் வளையும்போது முன் சக்கரம் ஒரு தூரம் போகும், பின் சக்கரம் ஒரு தூரம் போகும். இரண்டையும் பூட்டியே ஓட்டினால் உள்ளே ஏதாவது முறுக்கி உடையும். போடிமெட்டில் கியரைக் குறைத்துக்கொண்டேன். 17 வளைவு. வலது கால் சும்மா. பின்னால் கார்கள் ஹார்ன் அடித்தன.

"விடுங்க, போகட்டும். நமக்கு என்ன அவசரம்?" என்றாள் சகதர்மிணி. ஆறு தாண்டும்போது மட்டும் அவள் கை என் தோளில் வந்து உட்கார்ந்தது. வளையல் சத்தம் கேட்டது. தாண்டியதும் கையை எடுத்துக்கொண்டாள்.

அதே வருஷம் ஆர்.சி. புதுப்பிக்கும் கெடு வந்தது. இன்ஸ்பெக்டர் ஜீப்பைக் குனிந்து, நிமிர்ந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிரேக்கைச் சோதித்தார். "என்ன சார், ஜீப் வச்சிருக்கவங்க எதையாவது மாட்டிக்கிட்டு வருவாங்க. நீங்க ஒண்ணும் பண்ணலையா?" என்றார். முப்பத்தைந்தாயிரம் ரூபாய் லாபம் என்று மனசுக்குள் வரவு வைத்துக்கொண்டேன்.

ஆபீஸில் டெஸ்பாட்ச் கிளார்க்தான் விடவில்லை. ஒரு நாள் சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் ஜீப்பைப் பார்த்துவிட்டு, "என்ன சார் இது? இவ்வளவு செலவு பண்ணீங்க. கடைசியில கம்பெனியில இருந்து வந்த மாதிரியே இருக்கு?" என்றார்.

"ஆமாய்யா" என்றேன். "அதுக்குத்தான் இவ்வளவு செலவு!"